மரப்பசை: வீட்டில் மரவேலை செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களும், வீட்டில் ஆடுகிற நாற்காலியைத் தூக்கிப்போட மனமில்லாமல் தாங்களே சரிசெய்ய நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டிய இடம் விட்டுப்போனால் எல்லாரும் பசையைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு: பொருத்து (இரண்டு துண்டுகள் சேரும் இடம்) இறுக்கமாக இருக்காது, மரத்தில் ஈரம் இருக்கும், அல்லது அந்த இடத்துக்கு ஒத்துவராத பசையைப் போட்டிருப்போம். ஆகவே புட்டியைத் திறப்பதற்கு முன் பொருத்தைப் பாருங்கள்.

கடையில் இத்தனை வகை இருக்கிறதே, வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்கினால் எதை வாங்குவது?

தண்ணீரை ஓரளவு தாங்கக்கூடிய மஞ்சள் மரப்பசை. புட்டியில் ‘டி3’ என்றோ ‘டைப் 2’ என்றோ போட்டிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமான்களில் பெரும்பாலான வேலைகளுக்கு இது போதும். காயும் முன் தண்ணீரில் கழுவலாம், நெடி கிடையாது, கையில் பட்டாலும் பயமில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், பிள்ளைகள் சுற்றி வரும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி.

வெள்ளைப் பசையும் மஞ்சள் பசையும் ஒன்றுதானா?

இரண்டும் ஒரே குடும்பம். பாலிவினைல் அசிடேட், சுருக்கமாகப் பி.வி.ஏ. இந்தியாவில் எல்லாருக்கும் தெரிந்த ஃபெவிகால் இந்தக் குடும்பம்தான்; 1959இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னால் ஆசாரிமார்கள் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரத்தைக் காய்ச்சித்தான் ஒட்டினார்கள்.

மஞ்சள் பசை சீக்கிரம் பிடிக்கும். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டால் வெள்ளைப் பசையைப்போல் ரப்பராக இழுபடாது, சூட்டையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வெள்ளைப் பசை மெதுவாகப் பிடிக்கும். பல துண்டுகளை ஒரே நேரத்தில் கோக்க வேண்டிய வேலையில் அந்த நிதானமே உதவி.

டைட்பாண்ட் என்ற பெயரில் விற்கும் மரப்பசையை வாங்குபவர்கள் சிவப்பு, நீலம், பச்சை லேபிளைப் பார்த்துக் குழம்புகிறார்கள். சிவப்பு உலர்ந்த இடத்துக்கு. நீலம் அவ்வப்போது ஈரம் படும் இடத்துக்கு. பச்சை மழை, வெயில் படும் இடத்துக்கு. மூன்றின் பலத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது, ஈரத்தைத் தாங்குவதில்தான் வேறுபாடு. பச்சை லேபிள் உட்பட எதுவும் எப்போதும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் பொருளுக்கு ஆகாது.

பசை போட்டால் மட்டும் போதுமா, ஆணியும் அடிக்க வேண்டுமா?

மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில், ரேகை ஒரே திசையில் ஓடும்படி ஒட்டினால் ஆணியே வேண்டாம். அந்த ஒட்டு மரத்தைவிடப் பலமாக இருக்கும். சந்தேகமிருந்தால் மீந்துபோன இரண்டு துண்டுகளை ஒட்டி, ஒருநாள் விட்டு, சுத்தியலால் தட்டி உடைத்துப் பாருங்கள். ஒட்டிய கோட்டை விட்டு விலகி, பக்கத்து மரம் பிளந்துகொண்டு வரும். ஒட்டிய கோட்டிலேயே சுத்தமாகப் பிரிந்தால் பசை குறைவு, அல்லது இறுக்கிப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பலகையின் வெட்டுமுனையை ஒட்டும்போது கதை வேறு. அங்கே மரத்தின் நுண்குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. பசையை உள்ளே குடித்துவிடும், மேலே ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்ட இடத்தில் குச்சி, திருகாணி, அல்லது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பொருத்து என்று ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். படச்சட்டத்தின் மூலைகளும், அவசரமாகச் செய்த பெட்டிகளின் மூலைகளும் முதலில் விட்டுப்போவது இதனால்தான்.

சாப்பாட்டு மேசை நாற்காலி ஆடுகிறது. இடுக்கில் பசையைப் பிழிந்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. காய்ந்த பி.வி.ஏ. மேல் புதிய பி.வி.ஏ. ஒட்டாது. பசைக்கு மரம் வேண்டும், மரத்துக்குள் இறங்க இடம் வேண்டும். மேலாகப் பிழிந்த பசை இரண்டு வாரம் தாங்கும், அப்புறம் பழையபடி ஆடும்.

முறையாகச் செய்வதென்றால், ஆடும் பொருத்துகளை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கழற்றுங்கள். கழற்றும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் ஒரு மூலையில் ‘1 – 1’, ‘2 – 2’ என்று பென்சிலால் எழுதிவிடுங்கள்; பின்னால் இடம் மாறாது. பிடிவாதமான பொருத்தாக இருந்தால் முடி உலர்த்தியால் சூடு காட்டலாம். கொஞ்சம் சூடான வினிகரைத் தொட்டு வைத்தாலும் பழைய பி.வி.ஏ. இளகும். கழன்றதும் பழைய பசையை உளியாலோ கத்தியின் முனையாலோ சுரண்டி எடுங்கள். இதில் பொறுமை வேண்டும். மரத்தைச் சுரண்டிவிட்டால் முனை மெலிந்து பொருத்து இன்னும் தளர்ந்துவிடும்.

பசை போடாமல் ஒருமுறை கோத்துப் பாருங்கள். கையால் அழுத்தி நுழைக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் மஞ்சள் பசை. தானாக நழுவி விழுந்தால் மஞ்சள் பசை பயன்படாது, அது இடைவெளியை நிரப்பாது. அங்கே மெல்லிய மரச்சீவலை ஒட்டி முனையைத் தடிமனாக்குங்கள், அல்லது பிசின், கெட்டியாக்கி இரண்டையும் கலந்து போடும் எப்பாக்ஸி பசையைப் போடுங்கள்.

துளைக்குள்ளும் முனையிலும், இரண்டு பக்கமும் பசை தடவ வேண்டும். பிறகு நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினால் எந்தக் கிளாம்ப்பும் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) தோற்கும் அளவுக்கு இறுகும். கால்களில் கயிறு பதியாமல் துணி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கியவுடன் நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி நான்கு காலும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பசை ஈரமாக இருக்கும் அந்த ஐந்து, பத்து நிமிடத்தில்தான் அதைத் திருத்த முடியும். ஒரு முழுநாள் யாரும் உட்காரக்கூடாது.

இங்கே இவ்வளவு ஈரப்பதத்தில் பசை காயுமா?

காயும், மெதுவாக. சிங்கப்பூரின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். நீர் கலந்த பசை காய்வதென்றால் அந்த நீர் மரத்துக்குள்ளும் காற்றிலும் போக வேண்டும். அரைமணி நேரம் இறுக்கினால் போதும் என்று புட்டியில் இருந்தால் நான் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்வேன். மழை நாளில் இன்னும் கூடுதலாக. முழுப் பலம் வர 24 மணி நேரம்.

ஆனால் பசை காய்வதைவிட மரத்தின் ஈரம்தான் பெரிய விஷயம். ஜன்னல் திறந்த அறையில் கிடக்கும் மரத்தில் ஈரம் சுமார் 15 விழுக்காடு இருக்கும். இரவு பகலாக ஏர்கான் ஓடும் அறையில் அது 10க்கு அருகே இறங்கிவிடும். இந்த வித்தியாசத்தில் 30 சென்டிமீட்டர் அகலப் பலகை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். சுங்கை காடுட் பகுதி மரக்கடையில் வாங்கிய பலகையை அன்றைக்கே ஒட்டி, மேசையாக்கிப் படுக்கையறையில் போட்டால் சில மாதத்தில் எங்காவது வெடிப்பு தெரியும். பசையின் மேல் பழி விழும். சாமான் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையிலேயே பலகையை, இடையில் குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது போட்டு வையுங்கள். அதற்கப்புறம் அறுத்து ஒட்டுங்கள்.

ஒட்டும்போது நேராக ஏர்கான் காற்றோ மின்விசிறிக் காற்றோ படும் இடத்தில் உட்காராதீர்கள். தடவிய பசையின் மேல் ஆடை கட்டிவிடும், அடுத்த பலகையை வைக்கும்போது அது பிடிக்காது.

சமையலறைக் கேபினட் கதவில் மேலே ஒட்டிய மெல்லிய தகடு (லேமினேட்) உரிந்து தொங்குகிறது. எதைப் போட்டு ஒட்டுவது?

இதுதான் வீவக வீடுகளிலிருந்து அதிகம் வரும் கேள்வி. சோற்றுப் பானையின் ஆவி, தொட்டியோரத்து ஈரம், அடுப்புச் சூடு மூன்றும் சேர்ந்து ஓரத்தைக் கிளப்பிவிடும்.

ஒட்டும் முன் உள்ளே இருக்கும் பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். ப்ளைவுட் கெட்டியாக இருந்தால் நல்லது. சிப்போர்டு ஊறி, உப்பி, மாவாக உதிர்ந்தால் எந்தப் பசையும் அங்கே நிற்காது. அந்தக் கதவை மாற்றுவதுதான் வழி.

பலகை நன்றாக இருந்தால் காண்டாக்ட் குளூ. லேமினேட்டின் பின்புறத்திலும் பலகையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பசையைச் சூடு காட்டிச் சுரண்டி, தூசியைத் துடைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்: தடவிய உடனே ஒட்டக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம், விரலால் தொட்டால் பசை விரலோடு வராத நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஒட்டினால் பட்ட இடத்தில் பட்டபடி பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால் ஒரு விளிம்பை முதலில் சரியாகப் பொருத்திவிட்டு, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள். பெரிய தகடாக இருந்தால் இடையில் நான்கைந்து மெல்லிய குச்சிகளை வைத்து, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே ஒட்டலாம். கடைசியில் உருளைக் கட்டையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, பலமாக அழுத்துங்கள். காண்டாக்ட் குளூவுக்கு நேரத்தைவிட அழுத்தம்தான் முக்கியம்.

நாற்காலிக் கால், பலகை இணைப்பு போன்ற சுமை தாங்கும் இடத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். இது எப்போதும் கொஞ்சம் நெகிழ்ந்துகொண்டே இருக்கும்.

காண்டாக்ட் குளூவின் நெடி ஆபத்தானதா?

ஆம். அதில் உள்ள கரைப்பான் ஆவி தலைசுற்றலைத் தரும், சட்டென்று தீப்பிடிக்கும். எல்லா ஜன்னலையும் திறங்கள். கேஸ் அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்துவிடுங்கள். வேலை முடிந்து நெடி போகும்வரை ஏற்ற வேண்டாம். ஏர்கான் போட்டுக் கதவை மூடிக்கொண்டு செய்வது கூடவே கூடாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் கதவைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். கரைப்பானுக்குப் பதிலாகத் தண்ணீர் கலந்த காண்டாக்ட் குளூவும் உண்டு. காய நேரமாகும், நெடி குறைவு.

இன்னொன்றும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பசையை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்வது 1980களில் இங்கே பெரும் பிரச்சினையாக இருந்தது. 1987இல் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். டின்னைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

சாமி மாடம் செய்கிறேன். எண்ணெய் விளக்குச் சூட்டில் பசை இளகுமா?

இளகக்கூடும். பி.வி.ஏ., காண்டாக்ட் குளூ இரண்டுமே சூட்டில் மென்மையாகும் வகை. தினமும் விளக்கு எரியும் இடத்துக்கு நேர் மேலே உள்ள தட்டில் லேமினேட் ஒட்டினால் சில மாதத்தில் நடுவில் கொப்பளம்போல் எழும்பும். அதனால் விளக்குக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் விடுங்கள். விளக்கைப் பித்தளைத் தட்டிலோ கருங்கல் பலகையிலோ வையுங்கள். மேல்தட்டைப் பசையை மட்டும் நம்பிச் செய்யாமல் பொருத்தும் திருகாணியும் கொடுங்கள். மூடிய மாடத்துக்குள் விளக்கை எரியவிட்டுவிட்டு வெளியே போவது எந்தப் பசையோடும் ஒத்துவராது.

சில குடும்பங்களில் விலங்குப் பொருள் கலக்காத பசைதான் வேண்டும் என்று கேட்கிறார்கள். பி.வி.ஏ., எப்பாக்ஸி, பாலியூரித்தேன் மூன்றும் ரசாயனத் தயாரிப்பு. தோல், எலும்பிலிருந்து எடுப்பது வஜ்ஜிரம் மட்டும்தான்.

பால்கனியில் போடும் பெஞ்சு, பூந்தொட்டித் தட்டுக்கு எது?

மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் இடம். ஈரத்தை இன்னும் கூடுதலாகத் தாங்கும் ‘டி4’ அல்லது ‘டைப் 1’ பசை, பாலியூரித்தேன், எப்பாக்ஸி இந்த மூன்றில் ஒன்று.

தேக்கில் செய்தால் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. அதில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அது பசையைத் தள்ளிவிடும். ஒட்டும் பரப்பை உப்புத்தாளால் புதிதாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சள், பழுப்புக் கறை ஏறுவது கண்ணுக்கே தெரியும். கறை குறையும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைத்து, அசிட்டோன் ஆவியானதும் உடனே ஒட்டிவிடுங்கள். நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். செங்கால், பாலாவ் போன்ற கனமான மரங்களின் பிரச்சினை வேறு: அடர்த்தியால் பசை உள்ளே இறங்காது. இழைத்துப் பளபளவென்று இருந்தால், 80ஆம் எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள்.

எப்பாக்ஸி வெயிலில் நாளடைவில் மஞ்சளாகி நொறுங்கும். மேலே வார்னிஷோ பெயிண்டோ அடித்துவிட வேண்டும்.

பாலியூரித்தேன் பசை நுரைத்துப் பொங்குகிறதே, அது நல்லதா?

அது ஈரத்தோடு சேர்ந்து காயும் பசை, அதனால் நம் ஊர்க் காற்று அதற்குச் சாதகம். கொரில்லா என்ற பெயரில் விற்கும் பழுப்பு நிறப் பசை இந்த வகை. காயும்போது மூன்று நான்கு மடங்கு விரியும். மெல்லிதாகத் தடவினால் போதும். பொங்கி இடைவெளியை அடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அந்த நுரைக்குப் பலம் கிடையாது. பொங்கும்போது துண்டுகளையே தள்ளிவிடும் என்பதால் கட்டாயம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையுறை போடுங்கள், தோலில் பட்டால் கறை போகப் பல நாளாகும்.

எப்பாக்ஸியில் கெட்டியாக்கியைக் கூடுதலாகச் சேர்த்தால் சீக்கிரம் இறுகுமா?

இல்லை. சொன்ன அளவுக்கு மாறாகக் கலந்தால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும். ஐந்து நிமிட எப்பாக்ஸி சின்ன ஒட்டுகளுக்கு மட்டும். பலமும் நீர்த் தாங்குதலும் வேண்டுமென்றால் மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். 30 டிகிரி வெப்பத்தில், கோப்பையில் குவியலாகக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே சட்டென்று இறுகிவிடும். கலந்ததும் தட்டையான மூடியில் பரப்பிவிட்டால் இன்னும் சில நிமிடம் கிடைக்கும்.

சூப்பர் குளூ மரத்துக்கு ஆகுமா?

பெயர்ந்த சிம்பை ஒட்டவும், பெரிய ஒட்டு காயும்வரை துண்டை நகராமல் பிடித்து வைக்கவும் நல்லது. நாற்காலிக்கு வேண்டாம். அதிர்ச்சி பட்டால் சட்டென்று முறிந்துவிடும்.

வீணையில் ஒட்டு விட்டிருக்கிறது. வீட்டிலேயே ஒட்டலாமா?

தயவுசெய்து எப்பாக்ஸியோ சூப்பர் குளூவோ போட்டுவிடாதீர்கள். ஒரே கட்டையில் குடைந்தது ஏகாண்ட வீணை. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியாகச் செய்து இணைத்தது ஒட்டு வீணை. இசைக்கருவிகளை ஒட்ட வஜ்ஜிரத்தை விரும்புவதற்குக் காரணம், பல ஆண்டு கழித்தும் சூடும் ஈரமும் காட்டி மரத்துக்குச் சேதமில்லாமல் அதைப் பிரிக்க முடியும் என்பதுதான். வயலின் செய்பவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எப்பாக்ஸி போட்டுவிட்டால் அடுத்துப் பழுதுபார்ப்பவர் மரத்தை உடைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

வஜ்ஜிரத் துகளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஒரு பாத்திரத்துச் சுடுநீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, சுமார் 60 டிகிரியில் உருக்குவார்கள். கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். ஆறத் தொடங்கியதும் உறைந்துவிடும் என்பதால் கை பழகியிருக்க வேண்டும். நாற்காலியில் பழகிக்கொள்ளலாம், வீணையைக் கருவி செய்பவரிடம் கொடுங்கள். அதுவரை தந்திகளைத் தளர்த்தி வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வீணையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சப்பாத்திப் பலகை, காய் நறுக்கும் பலகை பிளந்துவிட்டது. ஒட்டிப் பயன்படுத்தலாமா?

காய்ந்தபின் உணவோடு பட்டுக்கொள்ளலாம் என்று புட்டியிலேயே எழுதியிருக்கும் பசைதான் வேண்டும். டைட்பாண்ட் நீல, பச்சை லேபிள் இரண்டிலும் அது உண்டு. நறுக்கும் பலகைக்குப் பச்சை. ஒட்டியபின் ஊறவைக்காதீர்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். கழுவித் துடைத்து நிறுத்தி வையுங்கள்.

கிளாம்ப் இல்லை. என்ன செய்வது?

தட்டையான வேலைக்கு அரிசி மூட்டை, தண்ணீர்ப் புட்டிகள். வளைந்ததற்குக் கயிறு, பழைய சைக்கிள் டியூப். ஓரம் நெடுக மணிமணியாகப் பசை வெளியே வந்தால் அளவு சரி. எங்கும் வரவில்லையென்றால் பசை போதவில்லை. வெளியே வந்ததை ஈரத் துணியால் தேய்த்துப் பரப்பாதீர்கள். அது ரேகைக்குள் இறங்கி, பின்னால் சாயம் ஏற்றும்போது வெளுத்த திட்டாகத் தெரியும். அரைமணி விட்டு, ரப்பர் பதம் வந்ததும் உளியால் வழித்தால் இழையாகக் கழன்று வரும்.

புதுக் கேபினட்டில் கண் எரிகிறது. அதுவும் பசையா?

பெரும்பாலும் ஆம், ஆனால் நீங்கள் போடும் பசையல்ல. ப்ளைவுட், சிப்போர்டு தயாரிக்கும்போது பயன்படும் யூரியா ஃபார்மால்டிஹைட் பிசினிலிருந்து வரும் ஆவி. வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் ஆவியும் கூடும், அதனால் இங்கே கூடுதலாகவே தெரியும். ஆர்டர் கொடுக்கும்போதே இந்த ஆவி மிகக் குறைவாக வரும் ‘இ0’ தரப் பலகை வேண்டும் என்று தச்சரிடம் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். அறுத்த விளிம்புகளை எல்லாம் மூடச் சொல்லுங்கள். மூடாத விளிம்பிலிருந்துதான் அதிகம் வெளியேறும். குடிபோகும் முன் கதவுகளைத் திறந்து போட்டுச் சில வாரம் காற்றாடவிடுங்கள்.

எங்கே வாங்குவது?

ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகள், தேக்காவில் முஸ்தபா, இணையக் கடைகள். பெரிய டின் மலிவு என்று வாங்காதீர்கள், தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

மீந்த பசையை எப்படி வைப்பது, எப்படித் தூக்கிப்போடுவது?

பி.வி.ஏ. மூடியை இறுக்கி நிழலில் வைத்தால் இரண்டு ஆண்டு வரும். நூல் நூலாக இழுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ போட்டுவிடுங்கள். பாலியூரித்தேனும் சூப்பர் குளூவும் திறந்தபின் நம் காற்றிலேயே இறுகிவிடும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

எதையும் கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம். பி.வி.ஏ.யை அட்டையில் பரப்பிக் காயவிட்டு, குப்பையில் சேர்க்கலாம். கலந்து மீந்த எப்பாக்ஸி முழுதும் இறுகி, சூடு ஆறிய பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும். காண்டாக்ட் குளூ டின்னை ஈரமாகக் குப்பைக் குழாயில் போட்டால் தீ அபாயம். மூடியைத் திறந்து, காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாத பக்கம் வைத்து முழுக்கக் காய்ந்தபின் போடுங்கள்.